கடல் கடந்த விண்ணப்பம்

மேல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் பயில விரும்பும் மாணவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் விண்ணப்பம் எழுதுவதாகும். பெயர், பிறந்த நாள், பயின்ற பள்ளி, பெற்ற தேர்ச்சி, ஆசிரியர் தந்த நற்சான்று, கட்டணத்திற்குரிய வழி ஆகியவற்றை அம்மாணவர் எழுதி அனுப்புகிறார். பின்னர் பதிலுக்குக் காத்திருக்கிறார். பதில் சாதகமாக வந்தால் வீடே மகிழ்கிறது. வாராதொழிந்தால், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் ஆறுதல் கூறுகின்றனர். இந்த அளவுக்கு இயல்பாகிவிட்ட அந்தத் தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை நிரப்பி அனுப்பலாம் என்னும் எண்ணமே ஆசிய நாட்டுப் பெண்களுக்கு எட்டாததாக இருந்த காலமும் ஒன்று இருந்தது.

அந்த எண்ணம் எட்டக்கூடியதாக மாறியது எவ்வாறு? ஒரே நாளில் ஒருவர் ஆணையிட்டு அது மாறிவிடவில்லை. 1883-இல் ஒரு மராத்தியப் பெண்ணும், 1892-இல் இரு சீனப் பெண்களும், 1924-இல் தென்னிந்தியப் பெண் ஒருவரும் கடல் கடந்து சென்று அமெரிக்கக் கல்விக்கூடங்களின் வாயிலில் நின்றனர். முதல்வர் மூவரும் மருத்துவம் பயிலச் சென்றவர்கள். நான்காமவர் செடிகொடிகளின் உயிர்நுட்பத்தை அறியச் சென்றவர். நாற்பது ஆண்டுகளில் நடந்த இந்நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தால், ஒருவர் எழுதும் விண்ணப்பம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்னும் உண்மை புலப்படும்.

ஆனந்தியின் மடல்

1865-இல் கல்யாண் நகரில் பிறந்தவர் ஆனந்திபாய் ஜோஷி. ஒன்பதாம் வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. பதினான்காம் வயதில் பெற்றெடுத்த ஆண்மகவு பத்து நாட்களே உயிர்வாழ்ந்தது. பெண் நோயாளிகளை நாடிச் சென்று பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாத குறையை அவர் தம் துயரத்தின் வழியே உணர்ந்தார். மனைவி கல்வி பெற வேண்டும் என்பதில் பிடிவாதம் கொண்டிருந்த கணவர் கோபால்ராவ், 1880-இல் அமெரிக்கச் சமயப் பணியாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்னும் குறிப்புடன் பதில் வந்தது. அந்த நிபந்தனையைத் தம்பதியர் ஏற்கவில்லை.

எனினும் அக்கடிதம் வீண் போகவில்லை. ஓர் இதழில் அச்சாகியிருந்த அதனை நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த கார்ப்பெண்டர் என்னும் பெண்மணி தற்செயலாகப் படித்தார். முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்காக அவர் உள்ளம் இரங்கியது. கடிதப் போக்குவரத்து வளர்ந்து நட்பாயிற்று. 1883 ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பலேறிய ஆனந்தி, சூன் மாதம் நியூயார்க்கை அடைந்தார். பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரிக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தில் பட்டங்களின் பட்டியல் இல்லை. காட்டுவதற்கு அவரிடம் பட்டம் எதுவும் இருந்ததுமில்லை. நண்பர்களும் சாதியாரும் ஒன்றுசேர்ந்து தடுத்தும் கடல் கடந்து வந்த தம் மனவுறுதியையே அவர் தகுதியாக எடுத்துரைத்தார். தாய்நாட்டுப் பெண்களுக்கு மருத்துவம் செய்வதே தம் நோக்கம் என்றும் குறிப்பிட்டார். கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது.

1886 மார்ச்சில் ஆனந்தி பட்டம் பெற்றார். ஆனால் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. கோலாப்பூர் மருத்துவமனையில் பணி காத்திருந்தும் அதனை ஏற்க உடல்நலம் இடந்தரவில்லை. தாயகம் திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரி 26-ஆம் நாள், இருபத்திரண்டாம் ஆண்டு நிறைவடையுமுன்னே அவர் மறைந்தார். ஒரு நோயாளியையேனும் அவர் தாய்நாட்டில் குணப்படுத்த முடியவில்லை. ஆயினும் இந்துப் பெண் ஒருத்தி மேல்நாட்டில் அறிவியல் பயின்று பட்டம் பெற முடியும் என்பது அதன்பின் மறுக்க முடியாத செய்தியாகிவிட்டது.

இங்கு ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். ஆனந்திக்கு வழி திறந்தது ஒரு பெண்மணியின் தனிப்பட்ட இரக்கத்தினால்தான். அவர் அந்த இதழைப் படிக்காதிருந்திருப்பின் என்ன ஆகியிருக்கும்? தற்செயலை நம்பி ஒரு சமுதாயம் தன் பெண்களைப் படிக்க வைக்க முடியாது. இரக்கம் ஒரு முறையாக, ஒரு விதியாக, ஒரு நிதியாக மாற வேண்டியிருந்தது.

இரு சீன மாணவியர்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870-ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. அக்காலத்தில் இது துணிவான செயல். ஆன் ஆர்பர் என்னும் ஊரில் அமைந்த அப்பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு 1892-இல் சீனாவின் ஜியுஜியாங் நகரிலிருந்து இரு பெண்கள் வந்து சேர்ந்தனர். ஒருவர் காங் செங். மற்றவர் ஷி மெய்யு. கைக்குழந்தையாக இருந்த காங் செங்கைத் தத்தெடுத்து வளர்த்தவர் கெர்ட்ரூட் ஹோ என்னும் அமெரிக்கச் சமயப் பணியாளர். ஷி மெய்யுவின் தந்தை, பெண் குழந்தைகளின் பாதங்களை இறுகக் கட்டிச் சிறுக்கச் செய்யும் வழக்கத்திற்குத் தம் மகளை உட்படுத்த மறுத்தவர். மகள் மருத்துவராக வேண்டும் என்று விரும்பியவரும் அவரே.

அமெரிக்கா 1882-இல் சட்டம் இயற்றிச் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்திருந்தது. மாணவர் என்னும் தகுதி ஒன்றே இவ்விருவரையும் உள்ளே விட்டது. இருவரும் நுழைவுத் தேர்வில் தேறினர். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றனர். உடனே சீனா திரும்பினர். ஷி மெய்யு ஜியுஜியாங்கில் மருத்துவமனை நிறுவி நடத்தினார். காங் செங் நான்சாங் நகரில் மருத்துவப் பணியை வளர்த்தார். இவர்களால் உயிர் பிழைத்தோர் பலர். பயிற்சி பெற்றுத் தாதியரான இளம் பெண்களும் பலர். எனினும், இவர்கள் அறியாமலே இவர்களால் விளைந்த மற்றொரு நன்மையும் உண்டு.

பார்பர் ஏற்படுத்திய நிதி

டெட்ராய்ட் நகரின் வழக்கறிஞராகிய லெவி பார்பர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். அதன் ஆட்சிக் குழுவிலும் இருந்தவர். மாணவியருக்கென உடற்பயிற்சிக்கூடம் அமையப் பொருள் தந்தவரும் அவரே. முதுமையில் அவர் ஆசிய நாடுகளில் பயணம் செய்தார். மிச்சிகனில் படித்துத் திரும்பிய பெண் மருத்துவர்கள் தத்தம் நாட்டில் ஆற்றிவந்த பணி அவர் மனத்தைக் கவர்ந்தது. இருவர் வந்து பயின்றதால் இத்தனை நன்மை விளையுமாயின், ஆண்டுதோறும் பலர் வந்து பயின்றால் எவ்வளவு விளையும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். 1917-இல் ஆசியப் பெண்களுக்கென ஓர் உபகாரச் சம்பள நிதியை அவர் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். கீழ்த்திசைப் பெண்கள் வந்து மேல்திசைக் கல்வியைப் பெறட்டும். அதில் நல்லது எனத் தாம் காண்பதைத் தம் மக்களிடம் கொண்டு செல்லட்டும் என்பதே அவர் கருத்து.

அந்த 1917-ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு புதிய குடிநுழைவுச் சட்டத்தை இயற்றியது. இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளைத் தடை மண்டலமாக வகுத்து, அங்கிருந்து தொழிலாளர் வந்து குடியேறுவதை அச்சட்டம் தடுத்தது. 1923-இல் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924-இல் வந்த சட்டம் தடையை மேலும் இறுக்கியது. இத்தனைக்கும் நடுவே மாணவர்களுக்கு மட்டும் ஒரு சிறு வழி விடப்பட்டிருந்தது. நாடு தன் பெருங்கதவை மூடிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒரு தனிமனிதர் அதே நாட்டில் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்தார். அந்த வாயில் வழியே நுழைந்தவர்களுள் ஒருவர்தாம் ஜானகி அம்மாள்.

தலைச்சேரியில் பிறந்த பெண்

எடவலத்துக் கக்கட்டு ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். மலையாளம் வழங்கும் அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தந்தை திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். நீதிமன்றப் பணி முடிந்தபின் தோட்டத்தையும் பறவைகளையும் ஆராய்வது அவருக்குப் பெருவிருப்பம். வட மலபார்ப் பறவைகளைப் பற்றி நூல் எழுதியவர். செடிக்குப் பெயர் கேட்கும் குழந்தைக்குப் பதில் சொல்லத் தெரிந்த தந்தை வாய்ப்பது எல்லாருக்கும் கிட்டும் பேறன்று. பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. அக்குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. செல்வமும் பதவியும் இருந்தும், சாதி ஏற்றத்தாழ்வு மிகுந்த அக்காலத்தில் அச்சமூகத்தாருக்கு மேற்சாதியாரிடையே முழு மதிப்புக் கிட்டிவிடவில்லை.

தலைச்சேரியில் பள்ளிக் கல்வியை முடித்த ஜானகி மேற்படிப்புக்காகச் சென்னை வந்தார். 1914-இல் தொடங்கப்பெற்ற இராணி மேரிக் கல்லூரி அப்போது புதியது. பெண்களுக்கென அரசு அமைத்த அக்கல்லூரி சில ஆண்டுகளுக்கு முன்னர் இல்லாதிருந்ததை எண்ணிப் பார்த்தால், ஜானகி சரியான காலத்தில் பிறந்தார் என்றே சொல்ல வேண்டும். பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் சிறப்புப் பட்டத்தை 1921-இல் பெற்றார். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதிய பைசன் போன்றோர் பணிபுரிந்த கல்லூரி அது. அதன்பின் சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணியில் அமர்ந்தார்.

இருபத்தைந்து வயதைக் கடந்த பெண், பட்டம் உண்டு, வேலை உண்டு. இனித் திருமணந்தானே என்று வீட்டார் கருதியதில் வியப்பில்லை. சகோதரிகள் ஒருவர்பின் ஒருவராக இல்லறம் புகுந்தனர். ஜானகிக்கும் உறவினர் ஒருவரோடு மணம் பேசப்பட்டது. அந்த வேளையில் பார்பர் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. மணப்பந்தலா, ஆய்வுக்கூடமா என்னும் கேள்வி அவர்முன் நின்றது. இரண்டையும் ஒருங்கே கொள்ளும் வழியை அக்காலம் பெண்களுக்குக் காட்டவில்லை. ஆண்மகன் ஒருவனுக்கு இக்கேள்வி எழுந்திருக்கவே எழுந்திராது. ஜானகி ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தார். இறுதிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

சென்னையிலேயே படித்துப் பட்டம் பெற்றவர் ஏன் கடல் கடக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கும் விடை காண வேண்டும். தாவரங்களைத் திரட்டி, உலர்த்தி, பெயரிட்டு, வகைப்படுத்தும் கலை இந்தியாவில் நன்கு வேரூன்றியிருந்தது. ஆனால் உயிரணுவின் உள்ளே நுழைந்து பார்க்கும் கலை அப்போதுதான் உலகில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் உயிரணுவின் கருவிலும் நூலிழைத் துண்டுகள் போன்ற குரோமோசோம்கள் உள்ளன; பெற்றோரின் இயல்புகள் பிள்ளைக்குச் செல்வது இவற்றின் வழியேதான் என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதிப்பட்டது. இப்புதிய அறிவியலைப் பழக நல்ல நுண்ணோக்காடியும், வழிகாட்டும் ஆசிரியரும், அண்மையில் வந்த ஆய்விதழ்கள் நிறைந்த நூலகமும் ஓரிடத்தில் வேண்டும். அவற்றைத் தேடியே ஜானகி பயணமானார்.

ஆன் ஆர்பரில்

1924-இல் அமெரிக்கக் கரையை அடைந்த ஜானகி உடனே உள்ளே விடப்படவில்லை. குடிநுழைவு அதிகாரிகள் அவர் தகுதியை உறுதிசெய்யும்வரை நிறுத்தி வைத்தனர். நீண்ட கூந்தலையும் பட்டுச் சேலையையும் கண்டு அவரை இந்திய இளவரசி என்று அவர்கள் எண்ணிக்கொண்டனர் என்றும், அந்த எண்ணத்தை அவர் மறுக்கவில்லை என்றும் ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. சிரிப்பூட்டும் செய்திதான். ஆயினும் இதில் ஒரு கசப்பும் கலந்திருக்கிறது. மாணவி என்னும் தகுதியைவிட இளவரசி என்னும் தோற்றம் எளிதில் மதிக்கப்பட்டது.

ஆன் ஆர்பரில் மார்த்தா குக் மாளிகை என்னும் மாணவியர் விடுதியில் அவர் தங்கினார். தாவரவியல் பேராசிரியராக அங்கிருந்தவர் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட். 1918-இல் சுமத்ராத் தீவுக்கு வந்து செடிகளைத் திரட்டியவர் அவர். வெப்ப நாட்டுத் தாவரங்களை நேரில் கண்டறிந்த ஆசிரியர் ஒருவர் வாய்த்தது ஜானகிக்கு நல்வாய்ப்பாயிற்று.

குரோமோசோம்களை எண்ணுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. செடியின் வேர் நுனியைக் கிள்ளி எடுத்து, உயிரணுக்கள் சிதையாதபடி மருந்தில் இட்டு, பின் மெழுகில் பதித்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய சீவல்களாகச் சீவ வேண்டும். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றிய பின்னரே நுண்ணோக்காடியில் பார்க்கலாம். உயிரணு பிளவுபடும் சரியான தருணத்தில் அகப்பட்டிருந்தால்தான் எண்ண முடியும். அகப்படாவிடின் மீண்டும் வேர் நுனியிலிருந்து தொடங்க வேண்டும். இத்தகைய உழைப்பில் ஜானகி தேர்ச்சி பெற்றார்.

முதுகலைப் பட்டம் பெற்றதும் அவர் சென்னை திரும்பிப் பழைய கல்லூரியில் மீண்டும் கற்பித்தார். பின்னர் பார்பர் நிதியின் துணையோடு மறுமுறையும் மிச்சிகன் சென்றார். கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களை ஆராய்ந்து, 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

கரும்பும் லாலாங்கும்

தாயகம் திரும்பிய ஜானகி அம்மையார் திருவனந்தபுரத்தில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராகப் பணியாற்றினார். அதன்பின் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் சென்றார். இனிப்பு மிகுந்த பருத்த கரும்பு நியூகினித் தீவைத் தாயகமாகக் கொண்டது. வட இந்தியாவின் குளிரைத் தாங்காதது. காட்டில் தானே வளரும் மெல்லிய கரும்போ எதையும் தாங்கும், ஆனால் இனிப்பற்றது. இவ்விரண்டையும் கலந்து புதிய இனம் காணும் பணிக்காகவே 1912-இல் கோயமுத்தூரில் அந்நிலையம் அமைந்தது. பார்பர் என்னும் ஆங்கிலேய அறிஞரும் வெங்கட்ராமன் என்னும் தமிழறிஞரும் அப்பணியில் முன்னின்றனர். நிதி வழங்கிய அமெரிக்கரின் பெயரும் இவ்வாங்கிலேயரின் பெயரும் தமிழில் ஒன்றுபோல் ஒலிப்பினும் இருவரும் வேறானவர். 1918-இலேயே அங்கு விளைந்த கலப்பினக் கரும்பு உழவரிடம் சென்றுவிட்டது.

ஆதலின் இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டியவர் ஜானகி ஒருவரே என்று சிலர் எழுதுவது மிகைக்கூற்றாகும். அவருடைய பங்கு வேறு, அதுவும் சிறியதன்று. கலப்பு ஏன் பலித்தது, எங்கே பலிக்கும் என்பதைக் குரோமோசோம்களைக் கொண்டு ஆராய்ந்தவர் அவர். பருத்த கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. காட்டுக் கரும்பிலோ இவ்வெண்ணிக்கை இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் கலப்பது இருட்டில் கல்லெறிவது போன்றது. அவர் கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் கலந்த செய்தியை 1938-இல் உலகறிய வெளியிட்டார். இம்பெராட்டா என்னும் புல்லோடும் கரும்பைக் கலந்தார். மலேசியத் தோட்டப்புறங்களில் வாழ்ந்தோர் அப்புல்லை நன்கு அறிவர். தரிசு நிலத்தில் மண்டி, எத்தனை முறை வெட்டினாலும் தழைத்தெழும் லாலாங் புல்லே அது.

கரும்பின் கதை மலேசியத் தமிழருக்கு அயலானதும் அன்று. தமிழர்கள் ஒப்பந்தத் தொழிலாளராக இந்நாட்டில் வந்திறங்கிய தொடக்க காலத்தில் இங்கு ரப்பர் தோட்டங்கள் இருந்ததில்லை. இன்று செபராங் பிறை என வழங்கும் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கே 1840-களில் அவர்கள் கொண்டுவரப்பட்டனர். கரும்பை வெட்டிச் சுமந்த மக்களின் தாய்மாகாணத்திலிருந்து புறப்பட்டு அமெரிக்கா சென்ற ஒரு பெண், அதே கரும்பின் உயிரணுவுக்குள் ஒளிந்திருந்த கணக்கைப் படித்தறிந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1934-இல் சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக 1935-இல் ஜானகி தேர்வு பெற்றார். எனினும் பணியிடத்தில் அவருக்கு அமைதி கிட்டவில்லை. ஆடவர் நடுவே தனித்துப் பணியாற்றிய பெண்; மணமாகாதவர்; மேற்சாதியினர் அல்லாதவர். பட்டம் பெற்றுத் திரும்பியவருக்கு மதிப்பு தானே வந்து சேரும் என்று எண்ணுவோர் இப்பகுதியை மறந்துவிடக் கூடாது.

மீண்டும் கடல், மீண்டும் தாயகம்

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் கூடிய அனைத்துலக மரபியல் மாநாட்டிற்குச் சென்ற அம்மையார், உலகப் போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். ஜான் இன்னிஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940 முதல் 1945 வரை ஆய்வு செய்தார். குண்டு விழும் இரவுகளில் கட்டிலின் அடியில் பதுங்குவதும், காலையில் சிதறிய கண்ணாடியைக் கூட்டிவிட்டு ஆய்வைத் தொடர்வதுமாக அந்நாட்கள் கழிந்தன என்பர். 1945-இல் டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலை அவர் வெளியிட்டார். பின்னர் விஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் 1951 வரை பணியாற்றினார். அங்கு அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களின் வழிவந்த ஒருவகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி வெள்ளை மலர் பூக்கிறது.

இங்கிலாந்தில் பெயரும் மதிப்பும் இருந்தும் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. 1951-இல் தலைமை அமைச்சர் நேரு விடுத்த அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். 1890-இல் ஆங்கிலேயர் தொடங்கிய இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் அளிக்கப்பட்டது. 1956-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவிக்குச் சிறப்புச் சட்ட முனைவர் பட்டம் வழங்கியது. 1977-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

எண்பது வயதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் மின் உற்பத்திக்காக அணை கட்ட முற்பட்டபோது, அக்காட்டின் செடிகள் அழியக்கூடாது என்று குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர். சென்னையை அடுத்த மதுரவாயலில் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்களத்தில் இறுதிவரை பணியாற்றி, 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நற்செய்தியைக் கேட்க அவர் இல்லை.

விண்ணப்பத்தின் விலை

இந்நால்வரின் வரலாற்றையும் ஒருங்கே நோக்கினால் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. ஆனந்திக்கு வழி கிடைத்தது ஒரு பெண்மணியின் இரக்கத்தால். சீன மாணவியர்க்கு அது கிடைத்தது வளர்ப்புத்தாயின் முயற்சியால். ஜானகிக்கோ அது ஒரு நிதியின் விதியாக, முகமறியாத எவரும் விண்ணப்பிக்கக்கூடிய உரிமையாகக் கிடைத்தது. காங் செங்கும் ஷி மெய்யுவும் படித்துவிட்டு அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால், பார்பர் ஆசியாவில் காண்பதற்கு எதுவும் இருந்திராது. அவர்கள் திரும்பியதால்தான் நிதி பிறந்தது. நிதி பிறந்ததால்தான் தலைச்சேரிப் பெண் கப்பலேற முடிந்தது.

உபகாரச் சம்பளம் என்பது பெறுபவரின் திறமைக்குக் கிடைத்த பரிசு மட்டுமன்று. முன்னே சென்றவர் ஈட்டி வைத்த நம்பிக்கையின் பங்குமாகும். அதனைப் பெற்றவர் நன்றாகப் படித்தால் அந்நம்பிக்கை பெருகும். பாழ்படுத்தினால், பின்னே வரும் ஒருவரின் விண்ணப்பம் அவர் அறியாமலே மறுக்கப்படும். நாடு திரும்புவதும் திரும்பாததும் அவரவர் சூழ்நிலையைப் பொறுத்தது. ஜானகி அம்மையாரே பன்னிரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் தங்கியவர்தாம். ஆனால் கற்றதைக் கொடுக்காமல் இருப்பதற்குச் சூழ்நிலையைக் காரணம் காட்ட முடியாது.

பார்பர் தொடங்கிய உபகாரச் சம்பளம் நூறாண்டுகளைக் கடந்தும் ஆசியப் பெண்களுக்கு வழங்கப்பட்டு வருகிறது. போர்க்கால இரவுகளில் ஜானகி உழைத்த ஜான் இன்னிஸ் நிலையமோ, வளரும் நாடுகளின் மாணவர்களுக்காக அவர் பெயரிலேயே ஓர் உபகாரச் சம்பளத்தை ஏற்படுத்தியது. 1924-இல் ஒருவர் ஏற்படுத்திய நிதியில் கப்பலேறிய மாணவி, பிற்காலத்தில் தாமே ஒரு நிதியின் பெயரானார். அவர் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து, தம் பெயரையும் பள்ளியையும் தேர்ச்சியையும் எழுதும் இளைஞர் தாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக.